கிடைப்படமும் நிலமட்டமும்: குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் வீட்டமைப்புத் தேர்வு - ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

புதுவீடு கட்டுவதற்கு முன் அதன் அமைப்பைத் தேர்ந்தெடுத்தல் என்பது இன்று பெரும்பாலும் அறைகளின் எண்ணிக்கையையும் தரைப்பரப்பையும் பற்றிய முடிவாகச் சுருங்கியுள்ளது. பழந்தமிழ் இலக்கியச் சான்றுகள், சோழர்காலச் சாசனங்கள், கைத்தறி நெசவாளர் குடியிருப்பின் தொழில்நுட்பத் தேவைகள், விடுதலைக்குப் பிந்தைய மனையுரிமைச் சட்டமும் வீட்டுவசதித் திட்டங்களும், 2011, 2015 ஆகிய ஆண்டுகளின் பேரிடர்கள் ஆகியவற்றைக் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டமைப்புத் தேர்வு வரலாற்றில் உரிமை, தொழில், நிலமட்டம் ஆகிய மூன்றையும் சார்ந்திருந்தது என்பதும், சதுர அடியை மட்டும் அளவுகோலாகக் கொண்ட மாதிரி வரைபடங்களில் இவற்றுள் நிலமட்டம் பின்தள்ளப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குறிஞ்சிப்பாடி, வீட்டமைப்பு, மனை, பேஸ்மட்டம், குழித்தறி, பாவடி, தொகுப்பு வீடு, தானே புயல், பரவனாறு.

முன்னுரை

வீடு கட்ட முனையும் ஒருவரிடம் உற்றாரும் பொறியாளரும் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை சதுர அடி?’ என்பதாகும். அடுத்த கேள்வி, ‘எத்தனை படுக்கையறை?’ என்பது. இவ்விரு கேள்விகளுக்கும் விடை கிடைத்தவுடன் வரைபடம் உருவாகிவிடுகிறது. மேலிருந்து நோக்கினால் சுவர்களும் வாயில்களும் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு வரையப்படும் இப்படத்தைக் கிடைப்படம் எனலாம். பேச்சுவழக்கில் ‘பிளான்’ என்னும் சொல் பெரும்பாலும் இக்கிடைப்படத்தையே குறிக்கிறது. தெருவைவிட வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கூரை சுவரோடு எவ்வாறு பிணைக்கப்பட வேண்டும் என்பவற்றைக் காட்டும் வெட்டுப்படத்தை வீட்டுக்குரியவர் கேட்டுப் பார்ப்பது அரிது. கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று குறிப்பிடும் தரைத்தள உயரம், பெரும்பாலும் வேலை தொடங்கிய பின்னர், செலவைக் கருதி முடிவு செய்யப்படுகிறது.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வது கட்டடக்கலை வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சமூக வரலாற்றுக்கும் உரிய பணியாகும். கோயில், அரண்மனை ஆகியவற்றின் அமைப்பைக் குறித்து விரிவான ஆய்வுகள் தமிழில் வெளிவந்துள்ளன. எளிய மக்களின் குடியிருப்பில் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது, எதன் அடிப்படையில் தேர்வு நிகழ்ந்தது என்னும் வினாக்கள் ஒப்பீட்டளவில் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. நெசவும் உழவும் ஒருங்கே நிலைத்த வட்டாரமாகவும், புயலையும் வெள்ளத்தையும் அடுத்தடுத்துச் சந்தித்த வட்டாரமாகவும் விளங்கும் குறிஞ்சிப்பாடி இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

வட்டாரமும் நிலத்தின் இயல்பும்

1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் உருவாயிற்று. அம்மாவட்டத்தில் வடலூருக்கும் கடலூருக்கும் இடையே குறிஞ்சிப்பாடி அமைந்துள்ளது. இவ்வட்டாரத்தின் மேற்கே நெய்வேலி, வடலூர் பகுதிகள் செம்மண் படர்ந்த மேட்டுநிலமாகும். நிலவியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்ட பாறைப் படிவின் மேல் இம்மேடு அமைந்துள்ளது. கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, வண்டலும் களியும் கலந்த வயல்வெளியாக மாறுகிறது. மேட்டுநிலத்தில் பெய்யும் மழைநீர் பரவனாற்றின் வழியாகக் கிழக்கு நோக்கி வடிந்து பெருமாள் ஏரியை அடைகிறது. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீரும் இவ்வடிகால் அமைப்பில் சேர்ந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்திற்குப் பயன்படுகிறது.

ஒரே வட்டாரத்திற்குள் இருவகை நிலம் இருப்பது வீட்டமைப்பு குறித்த ஆய்வில் முதன்மையான செய்தியாகும். செம்மண் மேட்டில் நீர் விரைவில் வடியும். அங்குக் கடைக்கால் ஆழம் குறைவாக இருப்பினும் சுவர் நிற்கும். களிநிலம் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்குக் கடைக்கால் ஆழம் குறைவாக அமைந்தால் சுவரில் விரிசல் தோன்றும். மேட்டில் கட்டப்பட்ட வீட்டின் வரைபடத்தை எவ்வித மாற்றமுமின்றிப் பள்ளத்தில் கட்டுவது, தாளில் ஒரே வீடாகத் தோன்றினும், நடைமுறையில் வேறு வீடாகிவிடும்.

தமிழ் நூல்களில் அளவும் உயரமும்

கட்டுவதற்கு முன் அளந்து திட்டமிடுதல் தமிழ் மரபில் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனை ஒன்றுக்கு மனைவகுக்கும் முறையைக் குறிப்பிடுகிறது. நட்ட கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகல் வேளையைத் தெரிந்து, நூல் பிடித்துத் திசைகளைத் துல்லியமாகக் கண்டு, அதன் பின்னரே கட்டடம் வகுக்கப்பட்டது என்பது அப்பாடலால் பெறப்படும் செய்தியாகும். திசையறிதல் இங்குச் சடங்காக மட்டும் அமையவில்லை. ஞாயிற்றின் இயக்கத்தை நோக்கி நிகழ்த்திய அளவைச் செயலாகவும் இருந்தது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்கம் ஒன்றுக்குரிய அளவுகளைத் தருகிறது. 24 விரல் கொண்ட கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அரங்கு அமைக்கப்பட்டதாகவும், அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல் எனவும் அக்காதை கூறுகிறது. இது வீட்டுக்குரிய அளவன்று. எனினும், இங்குக் கருதத்தக்கது அளவுகள் சொல்லப்படும் முறையாகும். அகலத்தையும் நீளத்தையும் சொன்ன அதே தொடர்ச்சியில் உயரமும் சொல்லப்படுகிறது. தரையின் உயரமும் கூரையின் உயரமும் இல்லாமல் அமைப்பு முழுமை பெறாது என்னும் கருத்து அம்முறையில் பொதிந்துள்ளது.

வடமொழிச் சிற்பநூலாகிய மயமதமும் நிலத்தேர்வு, மண்சோதனை, அதிட்டானத்தின் உயரம் ஆகியவற்றுக்குத் தனியிடம் அளிக்கிறது. குழி தோண்டி, எடுத்த மண்ணை மீண்டும் அதே குழியில் இட்டுப் பார்க்கும் சோதனை சிற்பநூல் மரபில் பரவலாக அறியப்பட்டதாகும். மண் மிகுந்தால் நிலம் நன்று, ஒத்திருந்தால் இடைத்தரம், குறைந்தால் விலக்கத்தக்கது என அது முடிவு கூறும். இறுகிய மண் தோண்டப்படும்போது தளர்ந்து கூடுதல் இடத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே தளர்ந்த மண் அவ்வாறு மிகாது. ஆகவே, இச்சோதனை நிலத்தின் இறுக்கத்தை எளிய முறையில் அறியும் வழியாகும்.

அச்சுப் பண்பாடு வளர்ந்த பின்னர் மலிவு விலையில் பரவிய மனையடி சாத்திரச் சிறுநூல்களின் தாக்கம் இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. உள்கூட்டு அளவு 6 அடி, 8 அடி, 10 அடி எனில் நன்மை, 7 அடி, 9 அடி எனில் தீமை என்பது போன்ற பலன்களே பொதுமக்கள் நினைவில் ஆழப் பதிந்தன. அறையின் நீளம் ஓர் அடி கூடினால் கவலையுறும் குடும்பம், தரையின் உயரம் ஓர் அடி குறைவதைப் பொருட்படுத்தாத நிலை இதன் விளைவுகளுள் ஒன்று எனலாம். மரபின் முழுமையிலிருந்து எண்ணிக்கைப் பகுதி மட்டும் பிரிந்து நிலைபெற்றது. நவீனக் கிடைப்படம் வந்தபோது அதனோடு இவ்வெண்கள் எளிதாகப் பொருந்தின. ஏனெனில் இரண்டும் நீள அகலத்தையே பேசுவன.

வீட்டமைப்பு ஓர் உரிமையாக இருந்த காலம்

விரும்பிய அமைப்பில் வீடு கட்டுதல் எல்லார்க்கும் உரியதாக எக்காலத்திலும் இருந்ததில்லை. முதலாம் இராசராசன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு (பெரிய லெய்டன் செப்பேடு) நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு அளிக்கப்பட்ட ஊரின் உரிமைகளைப் பட்டியலிடுகிறது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை நடலாம் என்றவாறு அவ்வுரிமைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. இவை சாசனத்தில் தனித்தனியே எழுதி வழங்கப்பட்டமையால், அவ்வாறு வழங்கப்படாத இடங்களில் அவை இயல்பான உரிமைகளாகக் கருதப்படவில்லை என உய்த்துணரலாம்.

கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்துடன் அமைந்த அரசாணைக் கல்வெட்டு இதனை மேலும் தெளிவாக்குகிறது. கொங்குநாட்டுக் கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியவும், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசவும் அவ்வாணை இசைவு அளித்தது. பிறருக்குக் கட்டடம் கட்டித் தந்த வினைஞர் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசுவதற்கு அரசாணை தேவைப்பட்டது என்பது கட்டட வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்க முரணாகும். விசயநகர ஆட்சிக்காலத்தில் கைக்கோளர்கள் தண்டு, சங்கு ஆகிய சிறப்புரிமைகளைப் பெற்ற செய்தியையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அணியும் பொருள், ஏறிச் செல்லும் ஊர்தி, வாழும் வீட்டின் தோற்றம் ஆகியவை சமூகப் படிநிலையின் வெளிப்படையான அடையாளங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டன. எனவே, மண்சுவரையும் கூரையையும் எளிய மக்களின் ‘விருப்பத் தேர்வு’ என்றோ ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்றோ மட்டும் விளக்கும் போக்கு வரலாற்று நோக்கில் முழுமையானதன்று.

தறிக்குழியும் பாவடியும்

குறிஞ்சிப்பாடி கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்; இங்கு நெய்யப்படும் கைலிகள் வெளிநாட்டுச் சந்தைக்கும் சென்றுள்ளன. நெசவாளர் வீட்டில் தறி வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கப்படும் பொருளன்று. தறியைச் சுற்றியே வீடு அமைகிறது. குழித்தறியில் நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குகிறார். விரித்த பாவின் நீளத்திற்கேற்பக் கூடம் நீண்டிருக்க வேண்டும். அறுந்த இழையைக் கண்டு முடிவதற்குப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வர வேண்டும். பருத்தி நூல் உலர்ந்தால் எளிதில் அறும். ஆதலால் மண்தரையின் ஈரப்பதமும் ஓட்டுக்கூரையின் கீழ் நிலவும் குளிர்ச்சியும் தொழிலுக்குத் துணைசெய்தன. நாட்டு ஓடும், 1865ஆம் ஆண்டு மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலைவழிப் பரவிய ‘சீமை ஓடு’ம் இத்தகைய கூடங்களுக்கு ஏற்றவையாக இருந்தன.

நெசவாளர் வீட்டின் எல்லை வாயிற்படியோடு முடிவதில்லை. பாவை நீளமாக விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு நேரான, அகன்ற, தடையற்ற வெளி தேவை. அவ்வெளியே பாவடி எனப்படும். நெசவாளர் ஊர்களில் தெருக்கள் நேராக அமைந்ததற்கும், வீடுகள் வரிசையாகத் தெருவை நோக்கி நின்றதற்கும் பாவடி முதன்மையான காரணமாகும். திண்ணை இங்கு ஓய்விடம் மட்டுமன்று. நூல் சுற்றும் முதியோரின் பணியிடமும் ஆகும். ஆகவே, ஒரு நெசவாளர் குடும்பம் வீட்டின் அமைப்பைத் தேர்வது என்பது தெருவின் அமைப்பையும் அண்டை வீட்டாரின் இசைவையும் உள்ளடக்கிய முடிவாக இருந்தது.

தொழிலிடமும் வாழிடமும் ஒன்றாக இருப்பதை ஏற்று, 1985-86 முதல் தறிக்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டம் ஒன்றிய அரசால் செயற்படுத்தப்பட்டது. மாதிரி வரைபடங்களின் வரலாற்றில், பயனாளியின் தொழில் வீட்டமைப்பைத் தீர்மானிக்கும் காரணியாக ஏற்கப்பட்ட சில நேர்வுகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், குழித்தறி வீட்டில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டின் தரை தெருவைவிட 2 அடி உயர்ந்திருந்து, தறிக்குழியின் ஆழம் 2½ அடியாக இருப்பின், குழியின் அடிமட்டம் தெருவைவிட அரை அடி தாழ்ந்துவிடும். மழைநீர் வாயிற்படியைக் கடக்காத நாளிலும் நிலத்தடி ஊற்று குழியை நிரப்பக்கூடும். அயலார் வீட்டுக்குப் போதுமான தரைத்தள உயரம் நெசவாளர் வீட்டுக்குப் போதாது. கூடத்தின் சதுர அடியைக் காட்டும் கிடைப்படம் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

மனையுரிமையும் தொகுப்பு வீடும்

வேளாண் தொழிலாளர் குடும்பங்களைப் பொறுத்தவரை, வீட்டமைப்பைத் தேர்வதற்கு முன்பே மனை பற்றிய வினா எழுகிறது. நிலவுடைமையாளரின் இடத்தில் குடிசை அமைத்து வாழ்ந்தவர்கள் எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்னும் நிலையில் இருந்தனர். அத்தகைய இடத்தில் நிலையான சுவர் எழுப்புதல் அறிவுடைமையாகாது. பனைவாரை, மூங்கில், விழல், கரும்புத்தோகை, தென்னங்கீற்று ஆகியவற்றால் அமைந்த குடிசை, பொருளாதார நிலையின் விளைவு மட்டுமன்று. நிலவுரிமை இல்லாமையின் விளைவுமாகும். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம், வேளாண் தொழிலாளரும் கைவினைஞரும் குடியிருந்த மனைகளுக்கு அவர்களையே உரிமையாளராக்க வழிவகுத்தது. வீட்டமைப்புத் தேர்வின் வரலாற்றில் எந்தவொரு கட்டடத் திட்டத்தையும்விட இச்சட்டம் அடிப்படையானது. பட்டா கையில் இருந்தால்தான் கடைக்கால் ஆழப்படும்.

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கப்பட்டது. குறைந்தது 20 சதுர மீட்டர் தரைப்பரப்பு வேண்டும் என வரையறுத்த அதன் வழிகாட்டு நெறிகள், குறிப்பிட்ட ஒரே வகை வரைபடத்தைப் பயனாளிகள் மேல் திணிக்கக் கூடாது என்றும் கூறின. நடைமுறையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரே அளவும் ஒரே முகப்பும் கொண்ட வீடுகள் வரிசையாக எழுந்தன. மக்கள் வழக்கில் இவை ‘தொகுப்பு வீடு’, ‘காலனி வீடு’ எனப் பெயர்பெற்றன. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டமும் 100 வீடுகள் கொண்ட ஒருசீரான அமைப்பையே மேற்கொண்டது. அங்கு ஒருசீர்மைக்குச் சாதி வேறுபாட்டைக் களையும் தெளிவான நோக்கம் இருந்தது. ஒரே வகை வீடு என்பது எவ்விடத்தும் குறையாகாது என்பதற்கு இது சான்றாகும். எந்த நோக்கத்திற்காக, எந்த நிலத்தில் அது ஒன்றாக்கப்படுகிறது என்பதே கருதத்தக்கது.

இவ்வட்டாரத்தை ஒட்டி 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நகரியம் மற்றொரு வகைத் திட்டமிடலை அறிமுகப்படுத்தியது. வட்டங்களாகப் பகுக்கப்பட்ட நேரான சாலைகள், பணிநிலைக்கேற்ப வகைப்படுத்திய குடியிருப்புகள், ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய்நீர், கழிப்பறை என அது அமைந்தது. அங்கு வாழ்ந்தோர் பணிநிறைவுக்குப் பின் சுற்றுப்புற ஊர்களில் வீடு கட்டும்போது, வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை என அறைக்கொரு பயன் வகுக்கும் முறை அவர்களுடன் வந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. ஒரே கூடத்தில் உறங்கியும் உண்டும் தொழில் செய்தும் வாழ்ந்த முறையிலிருந்து இது முற்றிலும் வேறானது. நகரியம் தழைத்த அதே காலத்தில், சுரங்கத்திற்காக நிலமும் வீடும் இழந்த குடும்பங்கள் புதிய மனைகளில் மீண்டும் வீடு கட்ட வேண்டிய நிலையும் இவ்வட்டார வரலாற்றின் பகுதியாகும்.

2011, 2015: இரு சோதனைகள்

2011 டிசம்பர் 30ஆம் நாள் காலை ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காற்று வீசியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. குடிசைகளின் கூரைகள் பறந்தன. கல்நார் ஓடுகளும் தகரங்களும் பெயர்ந்தன. இதனையடுத்துப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிசைகளுக்கு மாற்றாக 1,00,000 கான்கிரீட் வீடுகள் கட்டித்தரப்படும் என மாநில அரசு அறிவித்தது. புயல் அளித்த படிப்பினை கூரையைப் பற்றியதாக இருந்தது. அதற்குரிய விடையாகக் கான்கிரீட் தளம் அமைந்தது. காற்றை எதிர்கொள்வதில் அவ்விடை பொருத்தமானதே.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த சோதனை வேறுவகையானது. 2015 நவம்பர் இரண்டாம் வாரத்தில் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேட்டுநிலத்தில் பெய்த நீர் தாழ்நிலம் நோக்கிப் பாய்ந்ததில் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின, உயிரிழப்புகளும் நேர்ந்தன. காற்றைத் தாங்கும் கான்கிரீட் கூரை, வாயிற்படி வழியாகப் புகும் நீரைத் தடுக்க இயலாது. 2011இல் வீட்டைக் காப்பது கூரை. 2015இல் வீட்டைக் காப்பது பேஸ்மட்டம். இரண்டுமே கிடைப்படத்தில் இடம்பெறாத உறுப்புகள். தளமிட்ட வீட்டில் மாடிப்படி இருந்தால் கூரையே புகலிடமாகும். படி இல்லையேல் அதுவும் இயலாது. சிறு வீட்டின் செலவைக் குறைக்க முதலில் நீக்கப்படும் உறுப்புகளுள் படியும் ஒன்று என்பதை இவ்விடத்தில் எண்ண வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் நிகழ்ந்த மறுகட்டுமானமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை உள்ளிட்ட கடலூர்க் கடற்கரை ஊர்கள் அப்பேரலையால் தாக்குண்டன. மறுகட்டுமானத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் நிலையான வீடுகளை எழுப்பின. நாகப்பட்டினம் கடற்கரையில் இப்பணியை ஆராய்ந்த சமூக மானிடவியலாளர் ஜெனிபர் துய்ன் பேரன்ஸ்டைன், மரநிழலும் திண்ணையும் கொண்ட மரபுவழிக் குடியிருப்புகள் அழிக்கப்பட்டு நெருக்கமான கான்கிரீட் வீடுகள் அமைந்ததனால் விளைந்த இழப்புகளைச் சுட்டிக்காட்டினார். வலை பின்னுவதற்கும் மீன் உலர்த்துவதற்கும் வேண்டிய வெளி, நெசவாளரின் பாவடியைப் போன்றது. வீட்டின் சுவருக்கு வெளியே இருப்பதால் அது வரைபடத்தில் இடம்பெறுவதில்லை; இடம்பெறாததனால் இழப்பாகவும் கணக்கிடப்படுவதில்லை.

இன்றைய நடைமுறையும் எஞ்சிய இடைவெளியும்

ஊராட்சிப் பகுதிகளில் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகளும், அதன்பின் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் வரைபட அனுமதியை ஒழுங்குபடுத்துகின்றன. 2003இல் மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2024 சூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி பெறும் வசதி வந்துள்ளது. அலைச்சலையும் காலத்தாழ்வையும் இது குறைக்கிறது. அதே வேளையில், மனையின் மட்டத்தையும் நீர்ப்போக்கையும் சரிபார்க்கும் பொறுப்பு வீட்டுக்குரியவரிடமே மிகுதியாக வந்து சேர்கிறது.

2024இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் வழங்குகிறது. இதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாகவும், எஞ்சிய 60 சதுர அடி தீப்பிடிக்காத பிறவகைக் கூரையாகவும் அமையலாம். முந்தைய 20 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 215 சதுர அடி என்னும் அளவோடு ஒப்பிட இது குறிப்பிடத்தக்க வளர்ச்சியாகும். எனினும், ஒரே தொகையைக் கொண்டு மேட்டுநிலத்தில் கட்டுபவரும் பெருமாள் ஏரியை அடுத்த தாழ்நிலத்தில் கட்டுபவரும் சமநிலையில் இல்லை. தாழ்நிலத்தில் கட்டுபவர் மண்நிரப்பவும் பேஸ்மட்டத்தை உயர்த்தவும் கூடுதல் செலவிட வேண்டும். அச்செலவால் வீட்டின் தரைப்பரப்பு கூடுவதில்லை; ஆதலால் சதுர அடிக் கணக்கில் அது புலப்படுவதுமில்லை. ஏழ்மையான குடும்பங்களே பெரும்பாலும் மலிவான தாழ்நில மனையில் வாழ நேர்வதனால், சீரான தொகை சீரற்ற பயனைத் தருகிறது.

தரைத்தள உயரம் ஒருமுறை முடிவு செய்ததோடு நிலைபெறுவதும் இல்லை. சாலைகள் பழைய தளத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் போடப்படுவதால் தெரு உயர்ந்து, ஒரு காலத்தில் மேடாக இருந்த வாசல் பள்ளமாகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இட வேண்டும் எனத் தமிழ்நாடு தலைமைச் செயலாளர் 2021 மே மாதத்தில் அறிவுறுத்தியதன் பின்னணி இதுவே. வீட்டின் உயரம் வீட்டுக்குரியவரின் முடிவு மட்டுமன்று, பொதுப்பணியின் விளைவுமாகும் என்பதை இவ்வறிவுறுத்தல் உணர்த்துகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தமிழ் மரபில் கட்டடத் திட்டமிடல் திசை, மண், நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை ஒருங்கே கொண்டிருந்தது. மக்களிடையே பரவிய மனையடிக் கணக்கிலும், நவீனக் கிடைப்படத்திலும் நீள அகலங்கள் மேலோங்கி, மண்ணும் உயரமும் பின்தங்கின.

2. விரும்பிய பொருளால் விரும்பிய வடிவில் வீடு கட்டுதல் நீண்ட காலம் வழங்கப்படும் உரிமையாகவே இருந்தது. சாசனங்கள் காட்டும் கட்டுப்பாடும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முந்தைய மனையுரிமையின்மையும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்கள்.

3. குறிஞ்சிப்பாடி நெசவாளர் வீடு, தொழிலும் தெருவும் வீட்டமைப்பைத் தீர்மானித்த முறைக்குத் தெளிவான சான்றாகும். குழித்தறி உள்ள வீட்டுக்குத் தரைத்தள உயரத்தைக் குழியின் அடிமட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். அது இயலாத இடத்தில், குழியின்றித் தரைமேல் நிறுத்தும் சட்டத்தறிக்கு ஏற்பக் கூடத்தின் உயரத்தையும் ஒளிவழியையும் அமைக்க வேண்டும்.

4. 2011இன் புயலும் 2015இன் வெள்ளமும் கிடைப்படத்தில் தோன்றாத இரு உறுப்புகளின் இன்றியமையாமையை வெளிப்படுத்தின. ஆகவே, வீட்டுவசதித் திட்டங்கள் வழங்கும் மாதிரி வரைபடத்துடன் வெட்டுப்படமும், அந்தந்த ஊரில் கடந்த வெள்ளம் எட்டிய மட்டமும் குறிக்கப்பட வேண்டும். தாழ்நில மனைகளுக்குப் பேஸ்மட்டச் செலவைத் தனித் தலைப்பில் வழங்குவது நீதியாகும்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தின் பாவடித் தெருக்கள், தறிக்கூடங்கள், தொகுப்பு வீட்டு வரிசைகள் ஆகியவற்றின் தரைத்தள உயரங்களையும் 2015 வெள்ளக்குறிகளையும் அளந்து பதிவு செய்யும் கள ஆய்வு அடுத்து நிகழ வேண்டியதாகும். வெள்ளத்தின் மட்டத்தைத் தம் சுவரில் கைவைத்துக் காட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இன்றும் உள்ளனர். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு பூசப்படுவதற்கு முன் அக்குறிகளைப் பதிவு செய்தல் ஆய்வாளரின் கடமையாகும்.